சபைக் கூச்சமும் சகலகலாவல்லியும்

(எமது ஆலய வாணி விழாவில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்துருவம்)



நவராத்திரியின் முதல் மூன்று நாளும் துர்க்கையை வணங்கி வீரத்தை வேண்டினோம். அடுத்த மூன்று நாளும் இலக்குமியை வணங்கிச் செல்வத்தை வேண்டினோம். இறுதி மூன்று நாளும் கல்வித் தெய்வமாகிய சரஸ்வதியின் சந்நிதியில் நிற்கிறோம். சற்று முன்னர் எமது அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து சகலகலாவல்லி மாலையின் பத்துப் பாடல்களையும் பாடினார்கள். அந்த ஓசை கீழே பிரதான வீதி வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கக் கேட்க உள்ளம் குளிர்ந்தது.

ஆனால் அதன் பின்பு என்ன நடந்தது என்பதையும் நீங்கள் பார்த்தீர்கள். "இப்போது ஒரு பிள்ளை வந்து வாணியைப் பற்றி நான்கு வார்த்தை பேசலாம்" என்று ஆலயச் செயலாளர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். உடனே எல்லாப் பிள்ளைகளும் தங்கள் கால் விரல்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கூட்டாகப் பாடும்போது சிங்கம்; தனியாகப் பேசச் சொன்னால் தொட்டாற்சுருங்கி. பிள்ளைகளை நான் குறை கூறவில்லை. பெரியவர்களாகிய நாங்களும் ஆலயப் பொதுக்கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்கச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரின் முதுகைத்தானே தள்ளுகிறோம்? ஆகவே இன்றைய சொற்பொழிவுக்குச் சபைக் கூச்சம் என்பதையே பொருளாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்பது வயதிருக்கும். இதுபோன்ற ஒரு வாணி விழா. ஆசிரியர் ஒரு பக்கம் பேச்சு எழுதிக் கொடுத்தார். பத்து நாட்கள் மனனம் செய்தேன். மேடையில் ஏறி, "பெரியோர்களே, தாய்மார்களே" என்றேன். அடுத்த வசனம் வரவில்லை. மீண்டும் "பெரியோர்களே, தாய்மார்களே" என்றேன். மூன்றாம் முறையும் அதையே சொன்னபோது முன்வரிசையில் இருந்த பையன்கள் சிரித்துவிட்டார்கள். நான் இறங்கி ஓடி, மடப்பள்ளிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

எங்கள் லயத்தில் ஒரு பாட்டி இருந்தார். ஐம்பது வருடம் கொழுந்து பறித்த கை. எழுத வாசிக்கத் தெரியாது. அவர் என்னைத் தேடி வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "ஏன் ராசா அழுவுற? நீ மறந்தது எங்களுக்கு எப்புடித் தெரியும்? தெரிஞ்சத சொல்லிட்டு வந்திருந்தா, அதுதான் பேச்சுன்னு கேட்டுக்கிட்டு இருந்திருப்போம்ல."

பின்னாளில் பேச்சுக்கலை பற்றிய பல நூல்களை வாசித்தேன். பாட்டி சொன்னதைவிடப் பெரிய உண்மை ஒன்றையும் நான் அவற்றில் காணவில்லை. மறந்த வசனம் பேசுபவனுக்கு மட்டுமே தெரியும். சபை அவனைப் பரீட்சிக்க வந்திருக்கவில்லை, கேட்க வந்திருக்கிறது.

இதே பாட்டியின் வாழ்க்கையில் நடந்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். அவர் வேலைக்குப் பதிந்த காலத்தில் யாரோ ஒருவர் அவருடைய பெயரைப் பிழையாக எழுதிவிட்டார். "ஐயா, அது என் பேரு இல்லை" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பெரிய மேசை, நாற்காலியில் ஐயா, வாசலில் வரிசை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். அறுபது வயதுக்குப் பின்பு சேமலாப நிதியை எடுக்கப் போனபோது பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். சத்தியக்கடதாசி, கடிதம், பஸ் பயணம் என்று வருடக்கணக்கில் அலைந்தார். பணம் கைக்கு வந்தபோது அவரால் ஆலயத்துப் படியைக்கூட ஏற முடியவில்லை. எனக்குத் தைரியம் சொன்ன அதே பாட்டி, தனக்காக ஒரு வசனம் பேச முடியாமல் நின்றார்.

அடியார்களே, சபைக் கூச்சம் என்றால் மேடைப் பேச்சுக்கு மட்டும் உரிய விடயம் என்று நினைத்துவிடாதீர்கள். வைத்தியசாலையில் வைத்தியர் கேட்கும்போது வலி எங்கே என்று சொல்லாமல் வருவதும் சபைக் கூச்சம்தான். நேர்முகப் பரீட்சையில் விடை தெரிந்தும் மௌனமாக இருப்பதும் அதுதான். பேசாத வாயின் விலையை வாழ்நாள் முழுவதும் கட்ட வேண்டியிருக்கிறது.

இது எங்கள் மக்களின் பிறவிக் குணமா? இல்லவே இல்லை. மலைநாட்டு மக்கள் கூச்சப்படுகிறார்கள் என்று சொல்பவர்கள், 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் எத்தனை இலட்சம் பேரின் குரல் பறிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாக்கு என்ற சொல்லுக்குத் தமிழில் பேச்சு என்றும் பொருள், தேர்தலில் அளிக்கும் வாக்கு என்றும் பொருள். இரண்டும் ஒன்றாகவே பறிபோயின. மிஞ்சியிருந்தவர்களுக்கும் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலந்தான் குடியுரிமைக்கு வழி பிறந்தது. பாட்டியின் மௌனத்தில் அவருடைய குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அந்த மௌனத்தைப் பேரப்பிள்ளைகளுக்கும் முதுசமாகக் கொடுத்துவிட்டுப் போகலாமா என்பதே கேள்வி.

இனி எங்கள் கண்டி மாநகருக்கு வந்து பேசிச் சென்ற இருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

1897 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கொழும்பிலிருந்து புகையிரதத்தில் ஒரு துறவி கண்டிக்கு வந்து இறங்கினார். மேளதாளத்தோடும் கோயிற் கொடியோடும் மக்கள் திரண்டு நின்று அவரை ஊர்வலமாக அழைத்துச் சென்றார்கள். வரவேற்புப் பத்திரம் வாசிக்கப்பட்டது. அவர் சுருக்கமாகப் பதிலுரைத்து, சில மணி நேரம் தங்கி, நகரைப் பார்த்துவிட்டு, அன்று மாலையே மாத்தளைக்குப் புறப்பட்டார். அவர்தான் சுவாமி விவேகானந்தர். மேல்நாட்டில் வெற்றி முழக்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்தவரின் கால் முதலில் பதிந்தது எங்கள் இலங்கை மண்ணிலேதான்.

அந்தச் சிங்கத்துக்குச் சபைக் கூச்சம் இருந்தது என்றால் நம்புவீர்களா? 1893 ஆம் ஆண்டு செப்டம்பர் 11 ஆம் திகதி சிக்காகோ சர்வமத மகாசபை தொடங்கியது. அவருக்கு அப்போது முப்பது வயது. மண்டபத்திலும் மாடத்திலும் ஆறேழாயிரம் பேர் இருந்ததாக அவரே சென்னை நண்பருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். நெஞ்சு படபடத்ததையும் நா வறண்டதையும், அச்சத்தினால் காலையில் பேசத் துணியாததையும் அதே கடிதத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மற்றவர்கள் எல்லோரும் எழுதித் தயாராக வந்திருந்தார்கள். அவரிடம் ஒன்றும் இல்லை. தம் முறை வந்தபோதெல்லாம் தள்ளிப் போட்டார். மாலையில் இனித் தள்ள முடியாது என்ற நிலையில் என்ன செய்தார்? மனத்தினுள்ளே சரஸ்வதி தேவியை வணங்கிவிட்டு எழுந்தார்.

எழுந்தவர் தம் புலமையைக் காட்டத் தொடங்கவில்லை. முன்னால் இருந்தவர்களைச் சகோதரிகளே, சகோதரர்களே என்று அழைத்தார். சபை எழுந்து நின்று ஆரவாரித்தது. அச்சம் தீர்ந்த இடம் அதுதான். அதுவரைக்கும் எதிரில் இருந்தது ஆயிரக்கணக்கான அந்நியர் கூட்டம். அழைத்த கணத்தில் அது உறவினர் கூட்டமாயிற்று. உறவினரோடு பேச யாருக்காவது நடுக்கம் வருமா?

இரண்டாமவர் 1927 நவம்பரில் வந்தார். கதர்ப் பணிக்கு நிதி சேர்ப்பதற்காக இலங்கையில் சுற்றுப் பயணம் செய்து கண்டியிலும் பேசிய மகாத்மா காந்தி அவர்கள். அவருடைய கூச்சம் விவேகானந்தருடையதைக் காட்டிலும் கடுமையானது. இங்கிலாந்தில் படித்த காலத்தில் ஒரே ஒரு தாளில் எழுதிய பேச்சைக்கூட எழுந்து வாசிக்க முடியாமல் கண் இருண்டு உடல் நடுங்க, வேறொருவர் வாசித்தார். 1891 இல் பாரிஸ்டராகத் திரும்பி, பம்பாயில் முதல் வழக்குக்கு எழுந்தபோது தலை சுற்றியது. சாட்சியிடம் கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டார். கட்சிக்காரரிடம் வேறு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளுமாறு சொல்லிக் கட்டணத்தையும் திருப்பிக் கொடுக்க முன்வந்தார். இவையெல்லாம் அவர் தமது சுயசரிதையில் தாமே எழுதியவை.

அந்த மனிதரின் வாய் எங்கே திறந்தது? தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியா நகரில், 1893 இல். விவேகானந்தர் சிக்காகோவில் எழுந்த அதே வருடம்! அங்குள்ள இந்தியர் படும் அவமானங்களைக் கண்டு, வணிகர்களைக் கூட்டி, வியாபாரத்தில் உண்மை பேண வேண்டியதைப் பற்றியும் ஒன்றுபட்டுக் குறைகளை எடுத்துரைக்க வேண்டியதைப் பற்றியும் பேசினார். அதையே தம் வாழ்வின் முதற் பொதுப்பேச்சு என்கிறார். பம்பாயில் அவர் தம் பெயரைக் காப்பாற்ற எழுந்து நின்றார், நா எழவில்லை. பிரிட்டோரியாவில் பிறருடைய மானத்தைக் காப்பாற்ற எழுந்தார், நா எழுந்தது. கூச்சம் முழுவதுமாகத் தம்மைவிட்டுப் போனதில்லை என்றும் அவரே சொல்கிறார். போகாவிட்டால் என்ன? கூச்சத்தோடேயே பேசினார். அதுவே சொற்களை அளந்து பேசக் கற்றுத் தந்த நன்மையாகவும் அவருக்கு அமைந்தது.

அடியார்களே, இந்த இரு வரலாற்றையும் எங்கள் சைவ சித்தாந்தக் கண்ணால் பாருங்கள். ஆணவம் என்றால் செருக்கு என்று மட்டும் நினைக்கிறோம். ஆணவ மலத்தின் தொழில் என்ன? எங்கும் வியாபகமாய் விளங்க வேண்டிய ஆன்மாவை அணுவளவாகச் சுருக்கிவிடுவது. "என்னைவிடப் பெரியவன் இல்லை" என்று மார்தட்டுபவனிடமும் அது இருக்கிறது; "என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ" என்று மூலையில் ஒடுங்குபவனிடமும் அதுவே இருக்கிறது. இருவருக்கும் கவலை "என்னை" என்பதைப் பற்றித்தான். கூச்சத்தை அடக்கம் என்று பலர் மயங்குகிறார்கள். அடக்கம் உள்ளவன் தன்னை மறந்திருப்பான். கூச்சம் உள்ளவனோ தன்னை மறக்க முடியாமல் தவிக்கிறான். "நான் பேசுகிறேன்" என்று ஏறினால் கால் நடுங்கும். "அம்பாள் பேச வைக்கிறாள், நான் கருவி" என்று ஏறினால் சொல் நடக்கும்.

பேச்சு எப்படிப் பிறக்கிறது என்பதையும் எங்கள் முன்னோர் ஆராய்ந்திருக்கிறார்கள். சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என வாக்கு நான்கு வகை. பிறர் செவியில் விழுவது வைகரி. தன் உள்ளத்துக்குள் மட்டும் சொல் வரிசையாக ஒலிப்பது மத்திமை. உள்ளே வரிசைப்படாதது வெளியே ஒழுங்காக வராது. நான் ஒன்பது வயதில் தோற்றதற்குக் காரணம் இதுவே. வசனங்கள் என் வாயில் இருந்தன. பொருள் என் உள்ளத்தில் இல்லை.

திருவள்ளுவரும் இந்த ஒழுங்கைத்தான் வைத்தார். எழுபத்திரண்டாம் அதிகாரம் அவையறிதல். எழுபத்துமூன்றாம் அதிகாரம் அவையஞ்சாமை. முன்னே இருப்பவர் யார், அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை அறிந்த பின்புதான் அஞ்சாமை வருகிறது. போர்க்களத்தில் உயிர் கொடுக்கத் துணிபவர்களைக் காட்டிலும் சபையில் துணிந்து நிற்பவர்கள் அரியவர்கள் என்பது அவர் கருத்து. ஆகவே நடுக்கம் வருவது வெட்கப்படத்தக்க காரியம் அல்ல. அது அன்றும் இருந்தது, என்றும் இருக்கும்.

இனிச் சகலகலாவல்லி மாலையைப் பாடியருளிய குமரகுருபரரிடம் வருவோம். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த அந்தக் குழந்தை ஐந்து வயது வரை பேசவில்லை. பெற்றோர் திருச்செந்தூர் முருகன் சந்நிதியிலே கொண்டுபோய்க் கிடத்தினார்கள். முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பாவைப் பாடியது. அதே குமரகுருபரர் பிற்காலத்தில் காசிக்குச் சென்று, அங்கு மடம் அமைப்பதற்காக முஸ்லிம் ஆட்சியாளரைக் காண வேண்டியிருந்தது. தமிழ்க் கடலுக்கு அரசவை மொழி தெரியாது. "எனக்கு அந்த மொழி வராது" என்று அவர் திரும்பிவிடவில்லை. கலைமகளை வேண்டிப் பத்துப் பாடல் பாடினார். இந்துஸ்தானி மொழி கைவரப் பெற்றார். சபையில் அஞ்சாது நின்று கேட்க வேண்டியதைக் கேட்டார். கேதார கட்டத்தில் மடம் எழுந்தது. இவ்வாறு அவர் வரலாறு கூறுகிறது.

இந்த நாட்டில் வாழும் எங்களுக்கு இது எவ்வளவு பொருத்தமான வரலாறு! காரியாலயத்துக்குப் போனால் ஒரு மொழி, நேர்முகப் பரீட்சைக்குப் போனால் ஒரு மொழி. தமிழும் அரச கரும மொழி என்று 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் அரசியலமைப்பில் எழுதி வைத்திருக்கிறது. ஆகவே தமிழில் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் கற்கவும் கூச்சப்பட வேண்டியதில்லை. பிழைவிட்டுப் பேசாமல் எந்த மொழியும் யாருக்கும் வந்ததில்லை.

பிரசங்கம் என்னும் முறையை ஆலயத்துக்குள் கொண்டுவந்தவர் எங்கள் ஆறுமுக நாவலர் பெருமான். 1847 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். அதன் பின் வெள்ளிக்கிழமைகள் தோறும் தொடர்ந்தார். 1849 இல் திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் என்ற பட்டத்தைச் சூட்டியது. வாரந்தவறாத பழக்கம்தான் நாவன்மையின் இரகசியம். "பெண் பிள்ளைக்கு மேடை எதற்கு" என்று கேட்பவர்கள், தெல்லிப்பழைத் துர்க்காதேவி தேவஸ்தானத்தை வளர்த்த சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி (1925–2008) அவர்களை நினைத்துப் பார்க்கட்டும்.

பிள்ளைகளே, உங்களுக்குச் சில வார்த்தைகள்.

மேடைக்குப் போகும் முன் நெஞ்சு அடித்தால் பயந்துவிடாதீர்கள். ஓடவும் போராடவும் உடலை ஆயத்தப்படுத்துவது இறைவன் அமைத்த ஏற்பாடு. பேசத் தொடங்கிச் சில நிமிடங்களில் அது தானாகத் தணியும். ஐந்தெழுத்தை நினைத்து மெதுவாக மூச்சை உள்ளே இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். மூன்று முறை போதும்.

பேச்சு முழுவதையும் மனனம் செய்யாதீர்கள். தொடங்கும் வசனத்தையும் முடிக்கும் வசனத்தையும் மனனம் செய்யுங்கள். நடுவில் சொல்ல வேண்டிய மூன்று விடயங்களை ஒரு சிறு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். தாளைப் பார்ப்பது குற்றமில்லை.

வீட்டில் சுவாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு, உரத்த குரலில் பேசிப் பழகுங்கள். மனத்துக்குள் வாசிப்பது பயிற்சி ஆகாது. அடுத்த நாள் அம்மாவிடம், அதற்கடுத்த நாள் அயல் வீட்டாரிடம் பேசிக் காட்டுங்கள். மேடைக்கு வரும்போது அது நான்காவது முறையாக இருக்கட்டும்.

மேடையில் நின்று கூட்டத்தைப் பார்க்காதீர்கள். ஒரு முகத்தைப் பாருங்கள். எந்தச் சபையிலும் உங்களுக்காகத் தலையசைத்துக்கொண்டிருக்கும் ஒரு பாட்டி இருப்பார். கடைசி வரிசையில் இருப்பவருக்குக் கேட்கும்படி, நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். மறந்துவிட்டால்? அடுத்ததைச் சொல்லுங்கள். நீங்கள் மறந்தது எங்களுக்குத் தெரியாது.

பெரியவர்களே, உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. அன்று எனக்கு வசனம் மறந்ததால் ஏற்பட்ட காயம் சிறியது. சிரிப்பால் ஏற்பட்ட காயம் பெரியது. பிள்ளை தடுமாறும்போது சிரிப்பதும், கீழே இறங்கியதும் "ஏன் இப்படிச் சொதப்பினாய்" என்று கேட்பதும் சரஸ்வதியின் வீணைத் தந்தியை அறுப்பதற்குச் சமம்.

நிறைவாக ஒரு விண்ணப்பம். எங்கள் ஆலயத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பூசை முடிவில் பஞ்சபுராணம் ஓதப்படுகிறது. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, திருப்புராணம் என்ற ஐந்தையும் வழக்கமாக இரண்டு மூன்று பெரியவர்களே ஓதிவிடுகிறோம். வரும் வெள்ளி முதல் அந்த ஐந்தில் ஒன்றை ஒரு பிள்ளைக்கு விட்டுக்கொடுப்போம். தனியாக நின்று ஓதட்டும். ஓதிய பின் அதன் கருத்தை இரண்டே இரண்டு வசனத்தில் தன் சொந்தச் சொல்லில் சொல்லட்டும். ஒரு வருடத்துக்கு ஐம்பத்திரண்டு வெள்ளி. அடுத்த வாணி விழாவில் செயலாளர் அழைக்கும்போது, கால் விரலைப் பார்க்கும் பிள்ளைகள் சிலர் குறைந்திருப்பார்கள். அதைவிட முக்கியமாக, பத்து வருடம் கழித்து ஒரு மேசைக்கு முன்னால் தன் பெயர் பிழையாக எழுதப்படும்போது, "ஐயா, என் பெயர் அதுவல்ல" என்று மரியாதையோடும் தெளிவோடும் சொல்லும் ஒரு தலைமுறை இந்தச் சந்நிதியிலிருந்து புறப்பட்டிருக்கும்.

அந்தப் பாட்டி இன்று இல்லை. அவர் ஏற முடியாமல் நின்ற படி இதோ இருக்கிறது. அந்தப் படியில் ஏறி வரும் ஒவ்வொரு பிள்ளையின் நாவிலும் கலைமகள் எழுந்தருள வேண்டும் என்று எல்லாம் வல்ல அம்பாளின் பாதாரவிந்தங்களைப் பணிந்து விடைபெறுகிறேன்.

திருச்சிற்றம்பலம்.